குவளையில் சாகும் புழு, குட்டையில் சாகுமா?

ஒரு கண்ணாடிக் குவளை. அதில் கொஞ்சம் தண்ணீர். தண்ணீரில் 25 கொசுப் புழுக்கள். அவற்றின் மேல் ஏதோ ஒரு செடியின் சாறு சில துளி. 24 மணி நேரம் கழித்து எத்தனை செத்தன, எத்தனை நெளிகின்றன என்று எண்ண வேண்டும். சாற்றைக் கூட்டிக் குறைத்து இதையே பல குவளைகளில் செய்தால், பாதிப் புழுக்களைக் கொல்ல எவ்வளவு சாறு தேவை என்ற கணக்கு கிடைத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2005-ல் வகுத்துத் தந்த சோதனை முறையும் அடிப்படையில் இதுதான்.

தென்னிந்தியக் கல்லூரிகளின் விலங்கியல், தாவரவியல் துறைகளில் இந்தக் குவளைகள் ஓய்ந்ததே இல்லை. வேம்பு, நொச்சி, துளசி, சீத்தா, புங்கம் என்று வேலியில் நிற்கும் செடி எதுவும் தப்பவில்லை. பெரும்பாலான செடிகள் தேர்விலும் தேறிவிடுகின்றன. கட்டுரை அச்சாகிறது, ஆய்வு மாணவருக்குப் பட்டம் கிடைக்கிறது. மாலை ஆறு மணிக்குக் கொசு வழக்கம்போல் வந்துவிடுகிறது. குவளையில் இவ்வளவு எளிதாகச் சாகும் புழு, குட்டையிலும் தொட்டியிலும் வயலிலும் ஏன் சாக மறுக்கிறது?

இந்தக் கேள்வியைச் சித்தூர், திருப்பதிப் பக்கம் நின்று கேட்பது பொருத்தம். நோய்க்கும் இந்த மண்ணோடு பழைய உறவு, செடிக்கும் அப்படியே.

நோயின் கதை 1955-ல் தொடங்குகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காய்ச்சலும் வலிப்புமாக, நினைவு தப்பிய நிலையில் குழந்தைகள் வந்தார்கள். அன்றைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்தும் அதையொட்டிய ஆந்திரப் பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் இருக்கிறது என்று மருத்துவ உலகம் முதன்முதலாகத் தெரிந்துகொண்டது அப்போதுதான். சித்தூர் மாவட்டமே 1911-ல் வட ஆற்காட்டின் பகுதிகளைச் சேர்த்து உருவாக்கப்பட்டதுதான். மாநில எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அதே ஏரிகள், அதே நெல் வயல்கள், அதே கொசு.

இந்த நோய் கடுமையாகத் தாக்கியவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறக்கிறார்கள். பிழைத்தவர்களிலும் மூன்றில் ஒருவருக்காவது கை கால் முடக்கமோ, வலிப்போ, மூளை வளர்ச்சிக் குறைவோ ஆயுள் முழுக்க நிலைக்கிறது. 1999-ல் ஆந்திராவில் இது பெரிய அளவில் பரவி ஏராளமான குழந்தைகளைப் பலி கொண்டது. 2006 முதல் நோய் மிகுந்த மாவட்டங்களில் தடுப்பூசி போடப்படுகிறது. இருந்தாலும் வைரஸைச் சுமக்கும் கொசு நெல் வயல் தண்ணீரில்தான் பிறக்கிறது. வைரஸ் பெருகுவது பன்றிகளிலும் கொக்குகளிலும். தடுப்பூசி குழந்தையைக் காக்கும். வயலில் கொசு பிறப்பதை அது நிறுத்தாது.

கொசு என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அதில் தனித்தனிச் சாதிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பிடித்த தண்ணீர் வேறு. நெல் வயல் கியூலெக்ஸ் மூளைக்காய்ச்சலைக் கொண்டு வரும். சாக்கடைக் கியூலெக்ஸ் யானைக்கால் நோயைப் பரப்பும். மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும் அனாபிலிஸ் நகரத்து மலேரியாவுக்குக் காரணம். டிரம், பூந்தொட்டித் தட்டு, பழைய டயர் ஆகியவற்றில் தேங்கும் சுத்தமான தண்ணீரைத் தேடும் ஏடிஸ் கொடுப்பது டெங்கு. மழை குறைந்த ராயலசீமையில் தண்ணீரைப் பிடித்து வைப்பது பழக்கம் மட்டுமல்ல, பிழைப்பும்கூட. பிடித்து வைத்த தண்ணீர்தான் ஏடிஸின் பிரசவ அறை. நாடெங்கிலுமிருந்து பக்தர்கள் வந்து தங்கிப் போகும் திருப்பதியில் ஒரு விடுதியின் திறந்த தொட்டி, வேறு மாநிலத்து வீடு ஒன்றின் காய்ச்சலாகவும் முடியலாம்.

அடுத்தது செடி. திருமலையைச் சுமக்கும் சேஷாசலம் மலைத் தொடர் 2010-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. செஞ்சந்தன மரத்தால் உலகப் புகழ் பெற்ற காடு இது. திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாவரவியலாளர் கே. மாதவ செட்டி, மற்ற இருவருடன் சேர்ந்து சித்தூர் மாவட்டத்தின் பூக்கும் தாவரங்களைத் தொகுத்து 2008-ல் ஒரு நூல் வெளியிட்டார். தென்னிந்திய மருந்தியல் மாணவர்கள் பலர், தாங்கள் ஆராய்ந்த செடி இன்னதுதான் என்று உறுதி செய்துகொள்ள நாடியது இவரைத்தான். செடிக்கும் பஞ்சமில்லை, செடியை அறிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை.

கொசுவைப் புழுப் பருவத்தில் அடிப்பதில் நல்ல தர்க்கம் இருக்கிறது. பறக்கும் கொசு எங்கும் போகும். புழு போக முடியாது. நம் ஊர் வெயிலில் முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரை அது பிறந்த தண்ணீரிலேயே கிடக்க வேண்டும். மூச்சுக்காக அடிக்கடி மேற்பரப்புக்கு வர வேண்டும். கண்ணில் படுவதையெல்லாம் தின்னவும் வேண்டும். எதிரி இப்படி ஒரே இடத்தில் கூடிக் கிடக்கும் நேரம் வேறு கிடைக்காது.

செடிகளின் கையிலும் ஆயுதம் உண்டு. ஓடித் தப்ப முடியாத செடி, தன்னைத் தின்ன வரும் பூச்சிக்காகக் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நஞ்சு தயாரித்து வருகிறது. வேப்பங்கொட்டையிலிருந்து 1968-ல் பிரித்தெடுக்கப்பட்ட அசாடிராக்டின், புழு சட்டை உரிக்கும் ஹார்மோன் வேலையைக் குழப்புகிறது. புழு உடனே சாவதில்லை. அடுத்த பருவத்துக்குப் போக முடியாமல் அரைகுறையாக நின்று சாகிறது. சீத்தாப்பழக் கொட்டையிலுள்ள பொருள்கள், உயிரணு சக்தியைத் தயாரிக்கும் இடத்தையே முடக்குகின்றன. தெலுங்கில் குங்குடு என்று அழைக்கப்படும் பூந்திக்கொட்டையில் நுரைக்கும் சப்போனின் இருக்கிறது.

இதெல்லாம் வெறும் ஏட்டுக் கணக்கு என்று தள்ளிவிட முடியாது. செவ்வந்தி இனத்துப் பூ ஒன்றை உலர்த்திப் பொடித்த பைரித்ரம், டி.டி.டி. வருவதற்கு முன்பே உலகின் முக்கியமான பூச்சிக்கொல்லி. அதன் மூலக்கூறைப் பார்த்துப் படியெடுத்த செயற்கை மருந்துகள்தான் இன்றைய கொசுவர்த்திச் சுருளிலும் மருந்தேற்றிய கொசு வலையிலும் இருக்கின்றன. செடி வழிகாட்டி வந்த வெற்றி அது.

அப்படியானால் மற்றச் செடிகள் ஏன் தேங்கிவிட்டன? ஓர் ஆய்வை எடுத்துப் பார்த்தால் விளங்கும். சித்தூரிலிருந்து தெற்கே எல்லையைத் தாண்டினால் வேலூர், அதையடுத்து மேல்விசாரம். அங்குள்ள சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியின் விலங்கியல் துறை இந்த ஆராய்ச்சியில் பெயர் பெற்றது. அங்கே ஏ. அப்துல் ரகுமானும் அவரது சகாவும் ஐந்து கொடிகளின் இலைகளைச் சோதித்து 2008-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கோவை, வெள்ளரி, பாகல், புடலை, ஆற்றுத்தும்மட்டி. நான்கு சமையலறைக்கு வருபவை, ஐந்தாவது நாட்டு மருந்து. ஐந்துமே கொசுப் புழுவைக் கொன்றன. ஆற்றுத்தும்மட்டி முதலிடம். ஒரு லிட்டர் தண்ணீரில் அதன் சாறு சுமார் 75 மில்லிகிராம் இருந்தால் ஏடிஸ் புழுக்களில் பாதி செத்தன. பாகலுக்குச் சுமார் 200 மில்லிகிராம் வேண்டியிருந்தது. புடலைக்கு 550-ஐத் தாண்டியது.

ஆராய்ச்சி என்ற அளவில் இது நேர்மையான, பயனுள்ள வேலை. ஆனால் இதே கணக்கைக் குவளையிலிருந்து தொட்டிக்கு மாற்றிப் பாருங்கள். நகராட்சி ஊழியர்கள் பயன்படுத்தும் டெமிபாஸ் மருந்தை, அபேட் என்றால் பலருக்குத் தெரியும், குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் போடக்கூடாது. அந்த அளவே புழுக்களைத் தீர்த்துவிடும். 5,000 லிட்டர் தொட்டிக்கு 5 கிராம் போதும். அதே தொட்டிக்கு ஆற்றுத்தும்மட்டிச் சாறு 375 கிராம் வேண்டும், அதுவும் பாதிப் புழுக்களைக் கொல்ல. நூறு கிராம் உலர்ந்த இலையிலிருந்து பத்து கிராம் சாறு கிடைத்தாலே தாராளம். அப்படி வைத்துக்கொண்டாலும் நாலு கிலோ உலர் இலை வேண்டும். பச்சை இலையாகப் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. ஒரு தொட்டிக்கு, ஒரு தடவைக்கு. அந்த இலையைத் தண்ணீரில் கசக்கினால் போதாது, பெட்ரோலிய ஈதரில் ஊற வைத்து இறக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆற்றுத்தும்மட்டி கடும் பேதி மருந்து என்பது நாட்டு வைத்தியர்கள் நன்கு அறிந்தது. அதைக் குடிதண்ணீரில் ஊற்ற யார் சம்மதிப்பார்கள்?

அளவு ஒரு சிக்கல். நாள் இன்னொன்று. குவளையில் சோதனை 24 மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. குட்டையில் கொசு தினமும் முட்டையிடுகிறது. வெயில் பட்டால் அசாடிராக்டின் சில நாட்களில் சிதைந்துவிடும். சேறும் பாசியும் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும். ஆக, வாரம் ஒரு தடவை யாராவது ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மேலும் ஆடியில் பறித்த இலையும் தையில் பறித்த இலையும் ஒன்றல்ல. ஒரு மலைச் சரிவின் செடிக்கும் இன்னொரு சரிவின் செடிக்கும் சத்து மாறும். ஒவ்வொரு புட்டியிலும் ஒரே வீரியம் இருக்கிறது என்று நிரூபிக்காமல் 1968-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவு பெற முடியாது. பதிவில்லாமல் கடைக்கு வர முடியாது.

மூன்றாவது சிக்கல், ‘மூலிகைதானே, தீங்கு செய்யாது’ என்ற நம்பிக்கை. சீத்தாக் கொட்டைப் பொடியைப் பேனுக்காகத் தலையில் தேய்த்து, அது கண்ணில் வழிந்து, கருவிழி புண்ணாகிக் கண் மருத்துவரிடம் ஓடியவர்கள் உண்டு. புழுவின் உயிரணுவை முடக்கும் பொருள் மீனின் உயிரணுவையும் முடக்கக்கூடும். குட்டையில் புழுவைத் தின்னும் மீன்களும் தட்டாரப்பூச்சிக் குஞ்சுகளும் செத்துப்போனால் அடுத்த ஈட்டுக் கொசுவுக்கு எதிரியே இருக்காது. இதை உணர்ந்து செய்யப்பட்ட ஆய்வுகளும் இருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட பூந்திக்கொட்டை ஆய்வு நல்ல உதாரணம். பெட்ரோலியக் கரைப்பான் எதுவுமில்லாமல், கொட்டையின் பருப்பைத் தண்ணீரிலேயே கரைத்து எடுத்த சாற்றை மூன்று வகைக் கொசுக்களின் வெவ்வேறு பருவங்களில் சோதித்தார்கள். அதே நீரில் வாழும் வேறு பூச்சிகளுக்கு என்ன ஆகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தார்கள். இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காத ஆய்வு பாதி ஆய்வுதான்.

அண்மைக் காலத்தில் இன்னொரு வழி பிரபலமாகியிருக்கிறது. செடிச் சாற்றைக் கொண்டு வெள்ளி உப்பை நுண்துகள்களாக மாற்றி அதைப் புழுக்களுக்குக் கொடுப்பது. மேல்விசாரம் குழுவே 2011-ல் தாமரை இலையை வைத்து இதைச் செய்து காட்டியது. தேவைப்படும் அளவு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அருகே இறங்கிவிட்டது. எண்ணிக்கை பிரமாதம். ஆனால் அங்கே கொல்வதில் பெரும் பங்கு வெள்ளிக்கு. வெள்ளி மக்கிப் போகாது. தண்ணீரிலும் சேற்றிலும் தங்கிவிடும். சுற்றுச்சூழலுக்கு இதமானது என்ற பெயரில் தொடங்கிய பயணம் ஓர் உலோகத்தில் வந்து நிற்பதைக் கவனிக்க வேண்டும்.

குவளையைத் தாண்டி வயலில் இறங்கி வென்ற ஒரு முயற்சி உண்டு. அது நடந்தது தமிழ்நாட்டில். மதுரையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தில் ரேச்சல் ரூபன் உள்ளிட்ட விஞ்ஞானிகள் மூளைக்காய்ச்சல் கொசுவை நெல் வயலிலேயே மடக்க வழி தேடினார்கள். வயலில் போடும் யூரியா கொசுப் புழுக்களைப் பெருக்குகிறது என்பது அவர்களது ஆய்வுகளில் தெரிந்தது. உரத்தை நிறுத்தச் சொன்னால் எந்த விவசாயி கேட்பார்? உரத்தையே ஆயுதமாக்கினார்கள். வேப்பம் பிண்ணாக்கைப் பொடித்துத் தனியாகவும் யூரியாவின் மேல் பூசியும் ஹெக்டேருக்கு 500 கிலோ கணக்கில் வயலில் இட்டார்கள். முற்றிய புழுக்களும் கூட்டுப்புழுக்களும் வெகுவாகக் குறைந்தன. கூடவே வயலில் எப்போதும் தண்ணீர் நிற்கவிடாமல், நம் விவசாயிகள் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று சொல்லும் முறையில் இடைவெளி விட்டு நீர் பாய்ச்சியபோது பலன் இன்னும் கூடியது. முடிவுகள் 1992-ல் வெளியாயின. மூட்டைக் கணக்கைக் குறைக்க, வேம்பின் செறிவான சத்தை யூரியாமீது பூசும் அடுத்த கட்ட வேலை 1995-ல் வந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது புழுச் சாவு விகிதத்தை அல்ல. வேப்பம் பிண்ணாக்கு யூரியாவின் தழைச்சத்து வீணாகிப் போவதைத் தாமதப்படுத்துகிறது. பயிருக்கு உரம் கூடுதல் நாள் கிடைக்கிறது, விளைச்சலுக்கு நல்லது. விவசாயி அதை இடுவது கொசுவுக்காக இல்லை, நெல்லுக்காக. கொசு சாவது உபரி லாபம். ‘யார் ஊற்றுவார்கள், எதற்காக ஊற்றுவார்கள்’ என்ற கேள்விக்கு ஆராய்ச்சியிலேயே பதில் இருந்தது. மற்றச் செடிகளின் கதையில் இல்லாதது இதுதான்.

அந்த வெற்றியும் ஊர் ஊராகப் பரவிவிடவில்லை. ஏக்கருக்கு 200 கிலோ பிண்ணாக்கு என்பது நாலு மூட்டை. விலையும் கூலியும் உண்டு. ‘காய்ச்சல்’ விடும் விவசாயிக்கு ‘பாய்ச்சல்’ நிச்சயமாகக் கிடைக்க வேண்டும். ஏரி மடை எப்போது திறக்கும் என்று தெரியாத ஊரில், இருக்கும் தண்ணீரை வடிய விட யாருக்கும் மனம் வராது. 2015 முதல் உள்நாட்டில் தயாராகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. ஆனால் அந்தப் பூச்சு உரம் வீணாவதையும் தொழிற்சாலைகளுக்குக் கடத்தப்படுவதையும் தடுப்பதற்காக. மதுரை வயல்களில் இட்ட பிண்ணாக்கோடு ஒப்பிட்டால் அது மெல்லிய படலம். வேப்ப யூரியா போட்டாயிற்று, கொசுத் தொல்லை தீர்ந்தது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது.

ஆகவே எந்தச் செடி என்று கேட்பதற்கு முன் எந்தத் தண்ணீர் என்று கேட்பது நல்லது. சுவர்ணமுகி ஆற்றுப் பாசனத்தில் நெல் விளையும் ஸ்ரீகாளஹஸ்திப் பக்கம் மதுரை அனுபவம் பொருந்தும். வேம்பு அங்கேயும் வேண்டிய மட்டும் இருக்கிறது, பிண்ணாக்கு விவசாயிக்குப் பழக்கமானது. சாக்கடை, கைவிட்ட கிணறு, கட்டடப் பள்ளம் போன்ற யாரும் குடிக்காத தண்ணீரில் பூந்திக்கொட்டை, சீத்தாக்கொட்டைச் சாறுகளைப் பெரிய அளவில், மாதக்கணக்கில் சோதித்துப் பார்க்கலாம். மீனையும் மற்ற உயிர்களையும் சேர்த்து எண்ணும் சோதனையாக அது இருக்க வேண்டும். கொட்டைகள் இலவசமாகக் கிடைப்பது பெரிய அனுகூலம். சீத்தாப்பழம் தின்றவர்கள் துப்புவது கொட்டையைத்தானே.

குடிநீர் டிரம்முக்கும் விடுதித் தொட்டிக்கும் எந்தச் சாறும் வேண்டாம். இறுக்கமான மூடி போதும். வாரம் ஒரு நாள் காலி செய்து, உள்பக்கம் தேய்த்துக் கழுவிக் காய வைத்தால் ஏடிஸின் முட்டையும் போகும். முட்டை கொசுவாக ஒரு வாரம் வேண்டும் என்பதால் வாரத்தில் ஒரு நாள் என்பது அறிவியல் கணக்குத்தான். ஆனால் இதை வைத்து ஆய்வுக் கட்டுரை எழுத முடியாது, காப்புரிமையும் வாங்க முடியாது. அதனாலோ என்னவோ இதற்கு மரியாதை குறைவு.

2022 ஏப்ரலில் சித்தூரைப் பிரித்துத் திருப்பதியைத் தனி மாவட்டமாக்கினார்கள். இரண்டு ஆட்சியர் அலுவலகங்கள், இரண்டு சுகாதார நிர்வாகங்கள் வந்தன. 1955-லும் எல்லையைப் பார்க்காமல் பறந்த கொசு, இந்தப் புதிய எல்லையையும் பார்க்கப்போவதில்லை. சேஷாசலத்தின் செடிகளில் அதற்கான மருந்து இருக்கலாம். ஆராய்ச்சிக்கூடத்துக் குவளையிலிருந்து அதை எடுத்து வந்து வாரந்தோறும் தண்ணீரில் ஊற்றுகிற கை எது என்பது முடிவாகும்வரை, டிரம்மின் மூடிதான் கைவசமிருக்கும் மருந்து.